முடிந்த அறமும் எஞ்சிய பொருளும்

காரைக்குடியை அடுத்த கானாடுகாத்தானில் வீதிதோறும் நெடிய மாளிகைகள் நிற்கின்றன. பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களும், கடல் கடந்து வந்த பளிங்கும், கண்ணாடிபோல் ஒளிரும் சுண்ணச் சாந்தும் உடைய அவை, கொண்டுவிற்கச் சென்ற ஒரு மரபினர் அயல்நாடுகளில் ஈட்டிய பொருள் ஊர்திரும்பி எழுப்பிய வீடுகளாம். அவற்றுட் சில இன்று பூட்டிக் கிடக்கின்றன. சில, காணவருவோர் தங்கும் விடுதிகளாக மாறியுள்ளன. இம்மாற்றத்தைக் குறை கூறுவாரில்லை. கூறுதற்கு இடமும் இல்லை. வீடு உடையார்க்கு உரியது. அவர்க்குப்பின் வழித்தோன்றல்களுக்கு உரியது. உடையார் தம் பொருளின் பயனை மாற்றிக்கொள்ளுதல் உலகியல்.

ஆயின், அவ்வீடுகளிலிருந்தே மற்றுமொரு செல்வமும் புறப்பட்டது. கோயிற் கட்டளைகளாகவும், வழிநடைச் சத்திரங்களாகவும், தண்ணீர்ப்பந்தல்களாகவும், நந்தவனங்களாகவும், வேதமும் திருமுறையும் ஓதுவிக்கும் பாடசாலைகளாகவும் அது பரந்தது. அச்செல்வத்தின் ஒரு பகுதி, எதற்கென வைக்கப்பட்டதோ அச்செயல் நின்றுபோனபின்னும் பொருளாக எஞ்சிக் கிடக்கின்றது. சத்திரத்தில் உண்ண வருவாரில்லை. சத்திரத்து நிலத்தின் வருவாய் உண்டு. பாடசாலையில் மாணவரில்லை, பாடசாலையின் பெயரால் வைப்புநிதி உண்டு. இங்ஙனம் எஞ்சிய பொருளை என் செய்வது என்னும் வினா செட்டிநாட்டில் மட்டுமன்றித் தமிழகமெங்கும் எழுந்துள்ளது. அவ்வினாவுக்கு இன்று வழங்கும் விடைகள் சைவ நூல்நெறிக்கும் நீதிநெறிக்கும் ஒத்தனவா என்பது ஆராயத்தக்கது.

அறங்கள் நின்றமைக்குக் காரணம்

நகரத்தார் வணிகத்தில் அறம் தனியே நின்றதன்று, கணக்கேட்டுள்ளேயே இருந்தது. வரவில் ஒரு சிறு கூறு மகமையெனப் பிரிக்கப்பட்டுத் தண்டாயுதபாணி கோயிலுக்கும் பிற அறங்களுக்கும் சென்றது. இரங்கூனில் மாதந்தோறும் நடப்பு வட்டியை வகுத்தற்கு அவர்கள் கூடிய இடமும் கோயிலேயாம். 1813-ஆம் ஆண்டு தொடங்கிய காசி நகரச் சத்திரமும், பினாங்கில் 1857-ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 1859-ஆம் ஆண்டிலும் எழுந்த முருகன் கோயில்களும் அம்முறையின் பயன்கள். கானாடுகாத்தானில் 1881-ஆம் ஆண்டு பிறந்த அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் நிறுவிய கல்லூரி 1929-இல் பல்கலைக்கழகமாக விரிந்ததும் அம்மரபின் ஒரு கிளையே.

இம்மரபிற்கு இருபதாம் நூற்றாண்டில் இரண்டு பேரிடர்கள் நேர்ந்தன. ஒன்று பொருள் முடங்கியது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில், 1930-இல் விளைநிலத்தின் நூற்றுக்கு 6 பங்கே செட்டியார் கையில் இருந்தது. நெல்விலை வீழ்ந்து கடன்பட்டோர் பணம் தர இயலாது நிலத்தையே தந்தமையால் 1938-இல் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. அதாவது, புழங்கிய பணம் பெயராத மண்ணாயிற்று. 1942-இல் சப்பானியர் படையெடுப்பால் பலரும் உயிர்மட்டும் தாங்கி ஊர் திரும்பினர்; 1948-க்குப்பின் வந்த நிலவுடைமைச் சட்டங்களும் 1963-இல் தொடங்கிய நாட்டுடைமையாக்கமும் எஞ்சியதைக் கொண்டன. கப்பலிலிருந்து இறங்கும் தமிழர்க்குச் சோறும் இடமும் அளிக்க எண்ணிய அறங்கள், இறங்குவாரின்றி நின்றன.

மற்றொன்று வழி மாறியது. 1914-இல் பாம்பன் பாலத்தின்மேல் இருப்பூர்தி ஓடத் தொடங்கியபின், சேதுவுக்கு நடந்துசெல்வார் தொகை அருகியது. நாளொன்றுக்கு நடக்கத்தக்க தொலைவை அளந்து கட்டிய சத்திரங்கள், இருப்பூர்தியில் ஓரிரவில் கடந்துபோவார்க்குப் பயன்படாவாயின. இவ்விரண்டிலும் அறம் செய்தார்பால் குற்றமில்லை, காலம் மாறியது. எஞ்சிய பொருளைக் கையாளுவார்பால் குற்றம் நிகழுமா என்பதே வினா.

கட்டளையின் இயல்பு

அறத்திற்குப் பொருள் வைத்தார் தாரை வார்த்து வைத்தனர். வார்த்த நீர் நிலத்தில் வீழ்கின்றது; வீழ்ந்த நீரை மீட்டெடுப்பாரில்லை. அக்கணமே 'எனது' என்னும் பற்று அப்பொருளினின்று நீங்குகின்றது. யான் எனது என்னும் செருக்கினை அறுத்தற்கு வழியாகச் சரியை கிரியைகளை வகுத்த சித்தாந்தத்தில், ஈகையின் உயிர் பொருளின் அளவில் இல்லை. அப்பற்று நீக்கத்திலேயே உள்ளது. ஆகவே, வைத்தார் மீட்க முயலினும், வழித்தோன்றல் உரிமை கூறினும், காப்பாளர் தம் விருப்பிற்கு வளைப்பினும், அறுபட்ட பற்றை மீண்டும் முடிச்சிடுதலேயாகும்.

சோழர் காலத்தார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஒரு நந்தாவிளக்குக்குப் பெரும்பாலும் 90 ஆடுகளோ 96 ஆடுகளோ கோயிலுக்கு விடப்பட்டன. அவ்வாடுகளைச் சாவாதன, மூவாதன எனக் கல்வெட்டுக்கள் கூறும். ஆடு சாவாதிருக்குமோ எனின், சாகும். பெற்றுக்கொண்ட இடையன் குட்டிகளால் அத்தொகையைக் குறையாமல் நிரப்பி, நாள்தோறும் அளந்த நெய்யைக் கொணர வேண்டும் என்பதே அதன் பொருள். முதல் அழியலாகாது, விளக்கு அவியலாகாது, இடையில் உள்ள உயிர்கள் மாறலாம். கருவி மாறுதற்கும் நோக்கம் மாறுதற்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

கோயிற்பொருளின் கொடுக்கல் வாங்கல்களும் அந்நாளில் சண்டேசுவரர் பெயரால் நிகழ்ந்தன. ஊரவையும் அரசனும் அதிகாரிகளும் அவர்க்குக் கீழ்ப்பட்டே கணக்குக் காட்டினர். மனிதர் எவரும் அப்பொருளுக்கு உடையவராகத் தம்மைக் கூறிக்கொள்ளாமைக்கு ஏற்பட்ட ஏற்பாடு அது.

முதற் கொள்கை: வழித்தோன்றல் உரிமை

எஞ்சிய அறநிதியைக் குறித்து இன்று மூன்று கொள்கைகள் வழங்குகின்றன. முதலாவது, "எங்கள் முன்னோர் வைத்தது, அவர் கருதிய செயல் முடிந்தது, எஞ்சியது குடும்பத்திற்கு மீளும்" என்பது. இது வெளிப்படச் சொல்லப்படுவது குறைவு. ஆயினும் நடைமுறையில் நிகழ்வது மிகுதி. சத்திரத்தின் முன்கட்டு கடையாக வாடகைக்குப் போவதும், வாடகை யார் கணக்கில் ஏறுகின்றது என்பது எவரும் கேளாது மறக்கப்படுவதும் இக்கொள்கையின் செயல்வடிவங்கள்.

இதற்கு விடை முன்னரே கூறப்பட்டது. வைத்தவரே பற்றை அறுத்தார் எனின், அவர் அறுத்ததை அவர்க்குப் பின்னோர் எங்ஙனம் பெறுதல் கூடும்? இல்லாத உரிமை வழிவழி வாராது. வழித்தோன்றலுக்கு உள்ளது ஒன்றே: அவ்வறத்தைக் காக்கும் தொண்டு. அது பேறன்றிச் சொத்தன்று.

இரண்டாங் கொள்கை: எந்நன்மையும் ஒக்கும்

இரண்டாங் கொள்கை முதலதினும் நயமுடையது. ஆதலின் இடர் மிக்கது. "அறம் அறமே, சத்திரத்தின் பணத்தில் பள்ளி கட்டினால் என்ன? கட்டளைப் பணத்தில் மண்டபம் எழுப்பினால் என்ன? மக்களுக்கு நன்மை விளைந்தாற் போதும்" என்பது அக்கொள்கை. நல்லார் பலர் இதனை நல்லெண்ணத்தோடே கூறுகின்றனர்.

பெரியபுராணம் இதற்கு விடையாகக் கோட்புலி நாயனார் வரலாற்றை வைத்துள்ளது. நாட்டியத்தான்குடியிற் பிறந்து சோழர் படையில் தலைவராயிருந்த அவர், தம் வருவாயெல்லாம் கொண்டு சிவபெருமானுக்கு அமுதுபடியாக நெல்லைச் சேர்த்துவைத்தார். போர்மேற் செல்லுங்கால், அந்நெல்லைத் தொடலாகாது எனச் சுற்றத்தாரிடம் ஆணையிட்டுச் சென்றார். பின்னர்ப் பஞ்சம் வந்தது. சுற்றத்தார் பசித்தனர், இப்போது உண்டு பின்னர்த் திருப்பிவைப்போம் என்று எண்ணி அந்நெல்லை எடுத்து உண்டனர். அவர்களுடைய காரணம் பொய்யன்று, பசி மெய்யே. திருப்பித் தரும் எண்ணமும் உண்டு. ஆயினும் அச்செயலைப் புராணம் பொறுக்கவில்லை. மீண்டுவந்த நாயனாரின் வாள் செய்ததைப் பின்பற்றுமாறு எவரும் கூறார்; அடியார் செயல்களுள் வழிபடத்தக்கனவும் வழிநடக்கத்தக்கனவும் வேறு. அவ்வரலாறு அறங்காப்பார்க்கு உணர்த்துவது இது: காப்பில் விடப்பட்டவரே, தம் தேவையைத் தாமே நிறுத்து, தாமே தீர்ப்பளித்து, தமக்கே வழங்கிக்கொள்ளலாகாது.

அற்றேல், பஞ்சத்தில் பசித்தோர் மடிய, இறைவன் பண்டாரம் மூடிக்கிடத்தல் சைவமோ எனின், அன்று. திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் அடியாரை ஊட்டுதற்கு இறைவனே பீடத்தில் நாள்தோறும் படிக்காசு வைத்தருளினான். அங்கும் பசி, அங்கும் இறைவன் பொருள். வேறுபாடு என்னையெனின், அங்கு உடையவன் கொடுத்தான். நாட்டியத்தான்குடியில் காப்பவர் எடுத்தனர். கொடுத்தலுக்கும் எடுத்தலுக்கும் இடையேயுள்ளதே அறநிலையப் பொறுப்பு முழுதும்.

இனி, இரண்டாங் கொள்கையார் திருவாதவூரரை எடுத்துக்காட்டுவர். பாண்டியன் குதிரை வாங்கத் தந்த பொருளை அவர் திருப்பெருந்துறையில் திருக்கோயிற் பணிக்குச் செலவிட்டார் அன்றோ என்பர். ஆவுடையார்கோயில் செட்டிநாட்டிற்கு அணித்தாதலின் இவ்வெடுத்துக்காட்டு அங்கு அடிக்கடி வழங்கும். ஆயின், அது அவர்க்குத் துணை செய்யாது. அரசன் பொருளை அவ்வாறு செலவிடத் தமக்கு உரிமை உண்டென வாதவூரர் வழக்காடவில்லை. சிறையையும் வைகைச் சுடுமணலையும் ஏற்றார். நரிகளைப் பரிகளாக்கி அரசன் கேட்டதைக் கொணரும் பொறுப்பை இறைவனே தன்மேற் கொண்டான். பிட்டுக்கு மண் சுமந்து அடியும் பட்டான். ஈற்றில் பொருளுடைய அரசனே உண்மையுணர்ந்து உடன்பட்டான். உடையவன் உயிரோடிருந்து உடன்படும் பொருள் அது. கட்டளை வைத்து மறைந்தார் உடன்படவும் மறுக்கவும் எழுந்து வாரார். ஆகவே அவ்வரலாறு காப்பாளர்க்கு உரிமை தருவதன்று. அவர் அச்சத்தை மிகுவிப்பதாம்.

'எந்நன்மையும் ஒக்கும்' என்னும் கொள்கை எங்குச் சென்று முடியும் என்பதற்கு அயல்நாட்டு வழக்கொன்று சான்றாகும். இங்கிலாந்தில் ஒரு யூதர், தம் சமயத்து மறையை ஓதுவோர் அவையொன்றைப் பேணுதற்கென 1,200 பவுன் விட்டு மறைந்தார். யூத சமயத்தைப் பரப்பும் நோக்கம் அந்நாட்டுச் சட்டத்திற்கு ஒவ்வாதென 1754-இல் நீதிமன்றம் கூறியது. பொருள் அறத்திற்குரியதாகவே இருந்தமையால், அதில் 1,000 பவுன் பெற்றோரால் விடப்பட்ட குழந்தைகளின் இல்லத்திற்கு, அப்பிள்ளைகளுக்குக் கிறித்து சமயம் புகட்டுதற்காக வழங்கப்பட்டது. குழந்தைகளைக் காத்தல் நன்மையே. சமயம் புகட்டுதலும் அந்நாட்டார்க்கு நன்மையே. ஆயின், தம் மறை ஓதப்படுதற்கென வைத்தவர் பொருள் வேறு மறைக்குச் சென்றது. நன்மை என்னும் பெயரே நோக்கத்தை விழுங்கியது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1954-இல் இரதிலால் பானாசந்து காந்தி வழக்கில் இவ்வழியை அடைத்தது. வைத்தவர் கருதிய சமய நோக்கம் நிறைவேறக்கூடியதாக இருக்கும்போதே, வேறு நோக்கம் பொதுநலத்திற்கு ஏற்றது எனக் கருதி அறப்பொருளைத் திருப்ப இடந்தந்த பம்பாய்ச் சட்டத்தின் பகுதியைச் செல்லாதென அது விலக்கியது. 2025 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், திருக்கோயில் நிதியில் திருமண மண்டபங்கள் கட்டுதற்கு இடந்தந்த அரசாணைகளை நீக்கியது. இவற்றின் உட்கருத்து ஒன்றே: நோக்கம் உயிரோடிருக்கையில் அதனை இறந்ததாகக் கருதுதல் கூடாது.

மூன்றாங் கொள்கை: கிடந்தவாறே கிடக்க

மூன்றாங் கொள்கை முன்னிரண்டிற்கும் மறுதலையானது. "வைத்தவர் சொன்னதையே செய்க, அது இயலாதெனின் பொருள் கிடந்தவாறே கிடக்க, தொடுவது பாவம்" என்பது அது. சிவன் சொத்துக் குலநாசம் என்னும் பழமொழியின் அச்சம் இதற்கு அடிப்படை. அவ்வச்சம் நன்றே, ஆயினும் இக்கொள்கை நிறைவுடையதன்று.

சாவா மூவா ஆடுகளை விட்டவர் எண்ணியது விளக்கெரிதலையேயன்றி ஆடுகள் மேய்தலை அன்று. பொருள் வங்கியிற் கிடக்க, விளக்கு அவிந்திருப்பின், ஆடு மேய்கின்றது, நெய் வரவில்லை. மேலும், கிடக்கும் பொருள் உண்மையிற் கிடப்பதில்லை. நாணயத்தின் ஆற்றல் ஆண்டுதோறும் தேய, 100 உரூபா வட்டியில் ஒரு கால பூசை நடந்த கட்டளை இன்று ஒரு மாலைக்கும் ஆற்றாததாயிற்று. காப்பவர் கண்ணயர்ந்த இடத்தில் நிலம் பிறர் கைக்குச் செல்லுகின்றது. தொடாமை தூய்மை என எண்ணினார், தொடாமையாலேயே அறத்தை இழந்தனர்.

ஆகவே, நோக்கம் உண்மையாகவே முடிந்த இடத்து, அதற்கு இயன்றவரை அணுகிய நோக்கத்திற் பொருளைச் செலுத்துதல் வேண்டும். ஆங்கில நீதிநூலாரும் 'அணித்தாக' என்னும் பொருள்படும் பழம் பிரெஞ்சுத் தொடர் ஒன்றால் இம்முறையைக் குறிப்பர். 1976-இல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவிற் சேர்க்கப்பட்ட பகுதியும், முதல் நோக்கம் இயன்றவரை நிறைவேறிவிட்ட போதும், நிறைவேற்ற இயலாத போதும், நீதிமன்றம் அதனை மாற்றலாம் என்கின்றது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்க நாட்டில் உண்டு. 1861-இல் மறைந்த பிரான்சிசு சாக்சன் என்பார், அடிமைமுறையை ஒழிக்கும் கருத்தை மக்களிடம் பரப்புதற்கு 10,000 தாலரும், தப்பி ஓடிவரும் அடிமைகளுக்கு உதவுதற்கு 2,000 தாலரும் விட்டுச் சென்றார். வழக்கு முடியுமுன் 1865-இல் அடிமைமுறையே சட்டத்தால் ஒழிந்தது. நோக்கம் தோற்று முடியவில்லை, வென்று முடிந்தது. மசச்சூசெட்சு நீதிமன்றம் 1867-இல், முதற்பொருள் விடுதலைபெற்றோரின் கல்விக்கும், இரண்டாம்பொருள் பாசுடன் நகரையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் சார்ந்த அவ்வினத்து வறியோர்க்கும் செல்க எனத் தீர்த்தது. செயல் மாறியது, பயன்பெறுவோர் மாறவில்லை, கருத்தும் மாறவில்லை.

தஞ்சைச் சத்திரங்கள்

தமிழகத்தில் இதற்கு நேரான வரலாறு தஞ்சைச் சத்திரங்களுடையது. 1799-இல் ஆட்சியைக் கும்பினியாரிடம் விட்ட சரபோசி மன்னர், சத்திரங்களைக் காப்பதில் உறுதியாயிருந்தார். 1801-இல் ஆங்கிலப் பிரதிநிதிக்கு அவர் எழுதிய கடிதத்தால், சேதுவழிச் சத்திரங்களில் எல்லாச் சாதியார்க்கும் உணவளிக்கப்பட்டதும், நோயுற்றார்க்கு மருத்துவர் இருந்ததும், ஆதரவற்ற பிள்ளைகள் பேணப்பட்டதும், ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டதும் விளங்கும். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அக்காலத்தே எழுந்தது.

நடந்துசெல்வார் குறைந்தபின், அச்சத்திர வருவாயினின்று பள்ளிகளும் மாணவர் விடுதிகளும் திருவையாற்றில் வடமொழிக் கல்லூரியும் நடந்தன. உணவும் கல்வியும் முதலிலேயே அவ்வறத்தின் உறுப்புகளாதலின், இம்மாற்றம் அணித்தானதே. ஆயின், இடையில் ஒரு குறை நேர்ந்தது: எல்லார்க்கும் சோறிட்ட அறத்தின் விடுதிகள் ஒரு வகுப்பார்க்கே உரியவாயின, கல்லூரியில் தமிழுக்கு இடமில்லாதாயிற்று. தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராயிருந்த சர் ஏ. டி. பன்னீர்செல்வம் காலத்தில், தமிழவேள் உமாமகேசுவரனாரின் துணையோடு, விடுதிகள் ஏனையோர்க்கும் திறக்கப்பட்டன. திருவையாற்றில் தமிழ்க் கல்வியும் இடம்பெற்றது. அதனை அக்காலத்துச் சிலர் அறத்தைத் திருப்பியதாகப் பழித்தனர். முதற் கடிதத்தை நோக்குவார்க்கு, திருப்பப்பட்டது முன்னரே என்பதும், பின்னர் நிகழ்ந்தது மீட்பென்பதும் புலனாகும். ஆதலின் மாற்றமெல்லாம் பிழையல்ல; பழமையெல்லாம் தூய்மையும் அல்ல. எந்த மாற்றத்தையும் முதற் கருத்தின் ஒளியில் வைத்தே காணல் வேண்டும்.

அணிமையை அறியும் முறை

அணிமை என்பதை அளப்பது எங்ஙனம்? கட்டளை ஒவ்வொன்றிலும் நான்கு கூறுகள் உள. எவர் திருமுன் வைக்கப்பட்டது என்பது ஒன்று. எவர் பயன்பெற வைக்கப்பட்டது என்பது ஒன்று. எச்செயலால் என்பது ஒன்று. எவ்விடத்து என்பது ஒன்று. காலமாற்றத்தால் அழிவது பெரும்பாலும் இவற்றுள் ஒன்றேயாம். அழிந்த கூற்றை மட்டும் மாற்றி, அழியாத மூன்றினையும் காப்பதே அணிமை. ஒன்று அழிந்ததென்று நான்கினையும் கைவிடுதல், ஒரு பல் விழுந்ததென்று உயிரையே போக்குதல் போலாம்.

இவ்வளவுகோலைக் கொள்ளுமுன் கேட்கத்தக்க முதல் வினா ஒன்றுண்டு: நோக்கம் முடிந்ததா, கைவிடப்பட்டதா? செட்டிநாட்டில் முடிந்தனவாகக் கூறப்படும் அறங்களுட் பல கைவிடப்பட்டனவே. நந்தவனம் வறண்டதெனின் இறைவன் பூச்சூடுதல் முடிந்ததாகாது. சேதுவுக்கு நடப்பார் அருகினர். ஆயின், தைப்பூசத்திற்குப் பழநிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தாரும் பிறரும் ஆண்டுதோறும் அவ்வழியே செல்லுகின்றனர். வழிநடைச் சோற்றுக்கென வைத்த பொருள் அவர் இலையில் விழுமாயின், இடம் சிறிது மாறினும், செயலும் பயன்பெறுவோரும் மாறார். கப்பலில் இறங்குவார்க்கென வைத்த பொருளுக்கும், வேலைதேடி அயல்நாடு சென்று ஆதரவின்றித் தவிக்கும் தமிழர் இன்றும் உளர். அவர்க்கு ஒருநாள் உணவும் ஊர்திரும்பும் செலவும் ஈதல் அதற்கு அணித்தாம்.

பொருள் சிறுத்தமையையும் நோக்கம் முடிந்தமையாகக் கொள்ளலாகாது. பாடசாலையில் மாணவர் சேராமைக்குக் காரணம் திருமுறையில் விருப்பின்மையன்று. கற்றுமுடித்தார்க்கு வாழ்வூதியம் இன்மை. ஒரே திருக்கோயிலில் ஒரே தொண்டிற்கென உள்ள பல சிறு கட்டளைகளை, ஒவ்வொன்றின் பெயரும் கணக்கும் தனித்து விளங்க, ஒருங்கு நடத்தின், பத்துத் தேய்ந்த கட்டளைகள் ஓர் ஓதுவாரைத் தாங்கும். மண்டபம் எழுப்புவார்க்குப் பொருள் தேடும் ஊரில், காலையிற் கோயிலிற் பதிகம் பாடுவாரின்மை இரங்கத்தக்கது.

சட்டத்தின் குறை

1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, ஒரு சமய நிலையத்தின் நோக்கம் நிறைவேற இயலாததாயின் அதன் கொடைகளைப் பிற நோக்கங்களுக்குச் செலுத்த ஆணையிட இடந்தருகின்றது. வறிய கோயில்களுக்கு உதவுதல், தேவாரமும் திவ்வியப்பிரபந்தமும் ஓதுவித்தல், அருச்சகர் ஓதுவார் பயிற்சிப்பள்ளி, கல்விநிலையம், ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லம் எனப் பல அங்கு அடுக்கப்பட்டுள்ளன. அவையெல்லாம் நல்லனவே. ஆயின், அவற்றுள் அனைத்திற்குமோ எதற்கேனுமோ செலுத்தலாம் என்ற அளவிலே அது நிற்கின்றது. முடிந்த நோக்கத்திற்கு அணித்தானதை முதலிற் கொள்க என்று பணிக்கவில்லை. பட்டியல் ஒருபோதும் அளவுகோலாகாது. விளக்கிற்கென வைத்த பொருளைக் கட்டடத்திற்குச் செலுத்தினும் பட்டியலுக்குள் அடங்கிவிடும், அணிமைக்குள் அடங்காது.

அச்சட்டத்தின் 36-ஆம் பிரிவோ உபரிநிதியைக் கூறுமிடத்தே, கோயிலின் உரிய செலவுகளுக்கும் அருச்சகர் ஓதுவார் பயிற்சிக்கும் போதிய ஏற்பாடு செய்தபின் எஞ்சுவதே உபரி என்கின்றது. இதனை ஊன்றி நோக்கின், உபரி என்னும் சொல்லை வாய்திறந்து கூறுதற்கே தகுதியுடைய நிலையங்கள் மிகச் சிலவாம். திருமுறை ஒலிக்காத கோயிலில் உபரி இல்லை, நிலுவையே உண்டு.

அணிமையை ஆராயும் கடமை அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று. ஊரவர்முன் கட்டளையின் முதற் சாசனத்தைப் படித்தல், எக்கூறு அழிந்தது என்பதை வெளிப்படையாக எழுதுதல், முதலை அழியாமற் காத்தல், மாற்றிய நோக்கத்தையும் குறித்த காலத்தில் மீள ஆராய்தல், வைத்தவர் பெயரை விடாமல் வழங்குதல் ஆகியன காப்பாளர் செய்யத்தக்கன. பெயரை விடாமை புகழ் விரும்பியன்று. அப்பூதியடிகள் தாம் அமைத்த தண்ணீர்ப்பந்தலுக்கும் தம் பெயரையிடாமல் திருநாவுக்கரசர் பெயரையே இட்டார். ஈவார்க்குப் பெயர் வேண்டாதிருக்கலாம். ஆயின் காப்பார்க்கு அது வேண்டும். பெயர் நிற்குமிடத்துக் கருத்து நினைவுக்கு வரும். பெயர் மறைந்தபின் பொருள் எவருடையதுமாகத் தோன்றும்.

சிவாலயத்தை வலம்வருவோர் சண்டேசுவரர் திருமுன் நின்று, கைகளைத் துடைத்துக் காட்டும் வழக்கம் இன்றும் உண்டு. சிவன் பொருளில் ஒரு நூலிழையும் கொண்டு செல்லவில்லை என்பதற்கு அது அடையாளம். வெறுங்கையைக் காட்டுதல் எளிது. கணக்கைக் காட்டுதல் அரிது. கானாடுகாத்தானிலும் பிற ஊர்களிலும் எஞ்சிய அறநிதியைக் கையாளுவோர், வைத்தவர் எண்ணியது இதுவென்றும், அழிந்தது இதுவென்றும், அதற்கு அணித்தாக இப்போது செய்வது இதுவென்றும் எழுதிய ஓலையை அத்திருமுன் கூசாமல் வைக்கும் நாளில், முடிந்த அறம் மீண்டும் தொடங்கியதாகும்.